முள் போட்ட இடம்

1

களை முளைத்ததற்கு ஒருவர்மேல் புகார் கொடுப்பார்கள் என்பதை இங்கிலாந்துக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. இருபத்தாறு வருடமாக இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு தோட்டம். போன சித்திரையில் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, உங்கள் செடி வேலிக்கடியில் நுழைந்து எங்கள் பக்கம் வந்துவிட்டது, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றார். செடி என்னுடையது, மன்னிப்பு அவருடையது. இரண்டு நாளில் அதே விஷயம் தபாலில் வந்தது. அதில் மன்னிப்பு இல்லை.

நாட்வீட் என்று அதற்குப் பெயர். ஜப்பானிலிருந்து யாரோ அழகுக்குக் கொண்டுவந்து நட்டதாம். மூங்கில் மாதிரி கணுக்கணுவான தண்டு, தண்டில் சிவப்புப் புள்ளி, கோடை முடியும்போது வெள்ளைப் பூ. எனக்கு அது புதிதில்லை. சமைத்தே சாப்பிட்டிருக்கிறேன். நாலைந்து வருடம் முன்பு வேலியோரம் அது செக்கச்செவேல் என்று முளை விட்டபோது ஒடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அசல் புளிச்சகீரைப் புளிப்பு. விடுவேனா? பருப்போடு சேர்த்துக் கடைந்து, காய்ந்த மிளகாய் தாளித்து வீட்டுக்காரருக்குப் போட்டேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். கழித்த தண்டையும் கணுவையும் எருக்குழியில் கொட்டினேன். அந்த எருவை அள்ளி ரோஜாவுக்கெல்லாம் போட்டேன். ஒவ்வொரு கணுவும் ஒரு செடி என்று எனக்கு யார் சொன்னார்கள்? தோட்டம் முழுக்க அதை விதைத்தது நானேதான்.

கடிதம், பதில் கடிதம், படிவம், படிவத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று என்று இன்னொரு கடிதம், எல்லாம் முடிந்து ஆடி மாதக் கடைசியில்தான் சோதிக்கிற ஆள் வந்தார். தோட்டத்தைச் சுற்றி நடந்து, வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டார். இதற்கெதற்கு இவ்வளவு, இன்றைக்கே தோண்டி எறிகிறேன் என்று நான் மண்வெட்டியை எடுத்து வந்தேன். அந்த மனிதர் பதறிவிட்டார். தோண்டக்கூடாது, கிளறினால் ஒன்று நூறாகும் என்றார். கோடை முடிகையில் செடி தன் சத்தையெல்லாம் வேருக்கு இறக்குமாம். அந்த நேரம் பார்த்துத் தண்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்ற வேண்டுமாம். மூன்று நாலு வருடம் அப்படி.

அப்புறம் செத்துவிடுமா என்று கேட்டேன்.

செத்துவிட்டது என்று நாங்கள் எழுதித் தர மாட்டோம் என்றார். கீழே உறங்கிக்கொண்டிருக்கலாம், நீங்கள் மண்ணைத் தொடாதவரை உறங்கும் என்றார்.

கடைசியில் ஒரு படிவம் நீட்டினார். மண்ணுக்கடியில் இருப்பது பற்றி உங்களுக்கு முன்பே தெரியுமா? ஆம், இல்லை, தெரியாது. மூன்று கட்டம், ஒன்றில் குறியிட வேண்டும். எனக்குக் கை நின்றுவிட்டது. செடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் நின்றுவிட்டது. அவர் பேனாவைப் பார்த்துவிட்டு வேறு பேனா கொடுத்தார்.

2

அதே வாரம் தம்பி முருகேசன் கூப்பிட்டான். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் அப்பா வீடு. அப்பா போய் ஆறு வருடமாகிறது. இப்போது தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது.

"யக்கா, புறவாசல்ல நிக்குற கருவை அம்புட்டையும் எடுக்கப்போறேன். ஊராட்சியில நோட்டீஸ் குடுத்துட்டாவ. ஜேசிபிக்குச் சொல்லியாச்சு. வார வியாழக்கெழமை வருது."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? வேரு தண்ணித் தொட்டிக்குள்ள பூந்து தொட்டியே வெடிச்சிட்டு. புள்ளைக அங்கன போனா காலெல்லாம் முள்ளு. நீ என்ன இழுத்துப் பேசுத?"

புறவாசல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வீட்டின் பின்பக்கத்தை. கருவை என்பது சீமைக்கருவேலம். உங்கள் ஊர்க் கண்மாயிலும் அதுதான் நிற்கும், அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு வாரம் தள்ளி வையி. நான் வாரேன்."

"கருவை எடுக்கதப் பாக்க ஏரோப்ளேன்ல வாரியா? ஒனக்கு என்னக்கா செய்யுது?"

"வாரேன்னா வாரேன். அதுவரைக்கும் மண்ணைத் தொடாத."

அந்தச் சோதிக்கிற ஆள் சொன்ன வார்த்தையே என் வாயில் வந்தது.

மறுநாள் வார்டில் அவசர விடுப்பு கேட்டேன். குடும்பத்தில் மரணமா என்று கேட்டு, மேலாளர் கனிவோடு ஒரு படிவம் கொடுத்தார். இறந்தவர் யார், உங்களுக்கு என்ன உறவு, எப்போது இறந்தார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எழுதியிருந்தால் அந்தப் பெண் பயந்துபோயிருப்பாள். ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளுங்கள், ஊரில் கொஞ்சம் தோட்ட வேலை இருக்கிறது என்றேன்.

3

இத்தனை வருடம் இந்தப் பத்திரிகையில் குறிப்புகள் எழுதியும் ஒன்றை மட்டும் எழுதியதில்லை. என் மகன் நவீனை நீங்கள் அறிவீர்கள். அவன் இட்லிக்கு ஜாம் தொட்டுக்கொண்டதையெல்லாம் எழுதியிருக்கிறேன். நவீன் என் முதல் பிள்ளை இல்லை. அவனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். இரண்டு நாள் இருந்தாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அதனால்தான் எல்லாம் அந்தக் கோவில்பட்டி வீட்டில் நடந்தது. வீட்டுக்காரர் அப்போது பம்பாயில் வேலையில் இருந்தார். அவர் ரயில் பிடித்து வந்து சேரும்போது பார்க்க ஒன்றுமில்லை. பிள்ளைக்கு மூச்சுதான் கோளாறு. மூன்றாம் நாள் விடிகாலையில் என் கைக்குள்ளேயே அது நின்றுவிட்டது. நான் அப்போதே நர்ஸ் படிப்பு முடித்தவள். நான் செய்ததெல்லாம் சரியா என்று இன்றைக்கும் ஒவ்வொன்றாக யோசிப்பேன். பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தது. அதனால் பேர் இல்லை.

அவ்வளவு சின்னப் பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சொந்த இடத்தில் புதைப்பார்கள். பெற்றவளுக்கு இடத்தைக் காட்ட மாட்டார்கள். காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்த பிள்ளை தங்காது என்று பயம். அப்பா தன் வெளுத்த வேட்டியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். கூடச் சித்தப்பா போனார். புறவாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஜன்னலைச் சாத்தலாம், காதைச் சாத்த முடியாது. வைகாசிக் கரிசல் இறுகி வெடித்துக் கிடந்தது. மண்வெட்டி ணங்கு ணங்கென்று விழுந்தது. அது நின்றபிறகு தரையில் எதையோ இழுத்துக்கொண்டு வரும் சரசரப்பு கேட்டது. அதுதான் முள். புதைத்த இடத்தை நாய் கிளறாமலிருக்க முள் வெட்டிப் போடுவது வழக்கம். அப்பா வேலியில் கைக்கு எட்டிய கருவைக் கிளைகளை வெட்டி இழுத்து வந்திருக்கிறார்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினார்கள். இன்றைக்கும் மல்லிகை வாசனை என்றால் எனக்கு ஆகாது. அதனால்தான் விசேஷங்களில் பூ வேண்டாம் என்கிறேன். சீமைக்குப் போய்த் திமிர் ஏறிவிட்டது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எட்டாம் நாள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். எனக்கு யாரும் இடம் காட்டவில்லை. முள்தான் காட்டிக்கொடுத்தது. துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், நாலு முழ இடத்தில் பரப்பியிருந்தது. கிளையில் கருவை நெத்து, அதன் முற்றிய காய், மஞ்சள் மஞ்சளாகத் தொங்கியது. அந்த நெத்து என்றால் ஆட்டுக்கு உயிர். அப்பாவிடம் நாற்பது ஆடு இருந்தது. பட்டியிலிருந்து அவிழ்த்ததும் நேரே அங்கே போய், முள்ளுக்குள் மூக்கை விட்டு நெத்தைக் கடித்துத் தின்றன. நின்ற இடத்திலேயே புழுக்கை போட்டன. அப்பா கம்பை எடுத்துக்கொண்டு ஓடி ஓடி விரட்டினார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார்.

4

ஆட்டுக் குடலுக்குள் போய் வந்த கருவை விதை தப்பாமல் முளைக்கும். ஆடு வளர்க்கிற வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஐப்பசி மழை பெய்ததும் அப்பாவுக்கு அதே வேலை. காலையில் காப்பி குடித்த கையோடு புறவாசலில் குனிந்து குனிந்து கருவை நாற்றைப் பிடுங்குவார். விரல் உயரத்தில் பிடுங்கினால் ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு வரும். முழங்கால் உயரம் வந்துவிட்டால் கடப்பாரை வேண்டும். ஒன்றுவிடாமல் பிடுங்குகிற மனிதர்.

அந்த ஐப்பசியில் ஒன்றை மட்டும் விட்டார். முள் போட்ட இடத்தில் முளைத்ததை. அதைச் சுற்றி இருந்ததையெல்லாம் பிடுங்கினார். அதன் பக்கத்தில் கை வந்ததும் கை விலகிப்போனது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்த வருடம் நாங்கள் இங்கிலாந்துக்கு விமானம் ஏறியபோது அது என் இடுப்பு உயரம் இருந்தது.

இங்கே நவீன் வயிற்றிலிருந்தபோது ஆஸ்பத்திரியில் முதல் பக்கத்திலேயே கேட்டார்கள், இதற்கு முன் எத்தனை பிரசவம் என்று. பக்கத்தில் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன். நர்ஸாக இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா என்றால், கூடாது. ஆனால் ஆம் என்றால் அடுத்த நாலு பக்கமும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த ஆங்கிலம் என்னிடம் இல்லை. தமிழிலும் இல்லை. பிறகு பள்ளிக்கூடத்தில், வங்கியில், குடியுரிமைக்கு, எங்கே கேட்டாலும் ஒரு பிள்ளை, ஒரே பிள்ளை என்று எழுதிப் பழகிவிட்டது. நவீனுக்கும் அப்படித்தான் தெரியும்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மரம் உயர்ந்திருக்கும். துணி காயப்போடுகிற சாக்கில் பக்கத்தில் போய் நிற்பேன். ஆறு வயதில் நவீன் அங்கே ஓடிப்போய்க் காலில் முள் ஏற்றிக்கொண்டான். அப்பா ஊக்கால் நெம்பி முள்ளை எடுத்தார். இந்த மரத்தை ஏன் தாத்தா வெட்டலை என்று அவன் அழுதுகொண்டே கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன்.

"நெழலுக்குலே," என்றார் அப்பா. கருவைக்கு என்ன நிழல்?

அப்பா படுக்கையில் விழுந்த மூன்று வருடமும் பிடுங்க ஆளில்லை. அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம், புறவாசல் காடாகிவிட்டது.

5

விமான நிலையத்தில் என் வெளிநாட்டு இந்தியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மரம் எடுக்க என்றேன். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வியாழக்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. ஓட்டுகிறவர் கருப்பசாமி, ஐம்பது வயதிருக்கும். இறங்கி மரங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"மேல வெட்டுனா வேலைக்காகாது. தூரோட எடுத்தாத்தான் உண்டு. அஞ்சாறு அடி தோண்டணும்," என்றார்.

அஞ்சாறு அடி. இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். "அண்ணாச்சி, ஒரு மரத்தை மட்டும் விட்டிருங்க."

முருகேசனுக்கு எரிச்சல். "யக்கா, ஒங்க ஊர்ல களைக்கு ஊசி போட ஆள் கூப்பிடுத. இங்கன வந்து கருவைக்கு வக்காலத்து வாங்குத. என்னதான் வேணும் ஒனக்கு?"

"அதுக்குக் கீழ என் புள்ளை கெடக்கு."

சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் யாரென்றே தெரியாத ஒரு மனிதர் முன்னால். முருகேசனுக்கு அப்போது பதினொரு வயது. பிரசவத்துக்கு முன்பே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இத்தன வருசமா அங்கனதான் சைக்கிள நிப்பாட்டுனேன். அப்பா வைவாவ. எதுக்கு வையுதாவன்னே தெரியாது எனக்கு," என்றான்.

கருப்பசாமி அண்ணாச்சி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எந்த மரம்னு காட்டுங்கம்மா. மத்ததை எடுத்துட்டு அதுல கை வைக்காமப் போயிருதேன்."

காட்டத்தான் போனேன். என்னால் முடியவில்லை. பதினொரு தூர் நின்றது. எல்லாம் அடியிலேயே கவைத்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. தாய் எது, பிள்ளை எது என்று தெரியவில்லை. துவைக்கிற கல்லை வைத்து அடையாளம் பார்க்கலாம் என்றால், கல்லைத் தொட்டி கட்டும்போது இடம் மாற்றிவிட்டார்களாம். வீட்டுக்குள் ஓடி அந்த ஜன்னலைத் திறந்தேன். ஜன்னலுக்கு எதிரே தம்பி புதிதாகக் கட்டிய குளியலறைச் சுவர். அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு இடத்தை ஞாபகம் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். என்னிடம் இருந்தது அந்த ஜன்னலும் ஒற்றை மரமும் மட்டும்தான்.

முருகேசன் பின்னாலேயே வந்து நின்றான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "யக்கா, அப்பா அந்த ஒண்ணை விட்டதுலதான் இம்புட்டும் வந்துருக்கு. திரும்ப ஒண்ணை விட்டா, திரும்ப இதேதான். நீ சொல்லு. நீ விடச் சொன்னா எல்லாத்தையும் விட்டிருதேன். நோட்டீஸை நான் பாத்துக்கிடுதேன்."

அவன் அப்படிச் சொன்னதால்தான் என்னால் முடிவு எடுக்க முடிந்தது.

"எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு," என்றேன். "மெதுவா எடுக்கச் சொல்லு."

6

கருப்பசாமி அண்ணாச்சி வெறுங்காலோடேதான் ஓட்டினார். ஒவ்வொரு அள்ளு மண்ணையும் என் முன்னால் கொட்டி, நான் தலையசைத்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். நானும் முருகேசனும் கட்டியை உடைத்து உடைத்துப் பார்த்தோம். ஆவணிக் கரிசல் கையில் கல்லாக இருந்தது. இரண்டு நாள் பிள்ளையின் எலும்பு எத்தனை நாள் மண்ணில் நிற்கும் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நகம் பெயரப் பெயர உடைத்தேன். அதோடு இது கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, மழையில் மூடிக்கொள்கிற மண். மேலே இருந்தது கீழே போயிருக்கும், இங்கே இருந்தது அங்கே போயிருக்கும். வேர் வந்தது, இன்னும் வேர் வந்தது, அப்பாவின் ஆட்டு மணி ஒன்று வந்தது. வேறெதுவும் இல்லை. ஆறடி வரைக்கும் கறுப்பு மண்.

மத்தியானம் குழியை மூடிச் சமப்படுத்திவிட்டு அவர் கிளம்பினார். அந்த இடம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன். முருகேசன் அரிவாளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். கொஞ்ச நேரத்தில் வீட்டு முன்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. தரையில் முள்ளை இழுத்துக்கொண்டு வரும் அதே சரசரப்பு. ரோட்டோர வேலியில் வெட்டிய கருவைக் கிளை அது.

"புது மண்ணு. நாய் கெளறும்லா," என்றான் என் முகத்தைப் பார்க்காமல். "எங்கன போட?"

"எங்கனயாவது போடு."

குழி ஆழமாக இருந்த இடத்தில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தான். கிளை நிறைய நெத்து. மஞ்சள் மஞ்சளாகத் தொங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நெத்தை ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் போட்டுக்கொண்டேன். அடுப்பில் போட்டுவிடலாம். கையெல்லாம் முள் குத்தியது. ஒன்றுகூட விடவில்லை. இனி அங்கே எதுவும் முளைக்கக் கூடாது.

அப்போதுதான் நவீன் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே காலை. அன்றைக்குத்தான் எங்கள் தோட்டத்துக்கும் மருந்து போடுகிற நாள், பக்கத்தில் நிற்கச் சொல்லி அவனை வரவழைத்திருந்தேன். "அம்மா, ஆள் வந்தாச்சு. செடிக்கு ஊசி போடுறான்," என்று போனைத் திருப்பிக் காட்டினான். சோதிக்க வந்தவரைவிட வயதான ஒருவர் முட்டிபோட்டு, தண்டு தண்டாகக் குத்திக்கொண்டிருந்தார்.

"சரி. அவருக்கு டீ போட்டுக் குடு."

"நீ என்ன பண்றே? வெயில்ல ஏன் உட்கார்ந்திருக்கே? அது என்ன முள்?"

"மாமா போட்டது. நாய் தோண்டக் கூடாதுன்னு."

"நாய் ஏன் தோண்டும்?" என்றான். அப்புறம் ஆங்கிலத்தில் கேட்டான், அங்கே கீழே என்ன இருக்கிறது என்று.

ஆம், இல்லை, தெரியாது. முருகேசன் தொட்டியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் நெத்து குவிந்திருந்தது.

"உன் அக்கா இருக்கா," என்றேன்.

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பின்னால் அந்த மனிதர் அடுத்த தண்டுக்கு நகர்ந்தார். "பேர் என்னம்மா?" என்று தமிழில் கேட்டான்.